ரெண்டு ஆள் வேலை

ஃபோர்மேன் வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் லாரிதான் கண்ணில் படும். படவில்லை என்றால் நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான். பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய லாரி அது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக நாலு, மேலே படுதா கட்டுவதற்கு வளைந்த இரும்புக் கம்பிகள் ஐந்து, உள்ளே இரண்டு பக்கமும் சிப்பாய்கள் உட்கார நீள மரப்பலகை. இருபது பேர் உட்காரலாம். லாரிக்கும் ஷெட் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம்தான் இருக்கும். நடக்க வேண்டுமென்றால் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

அடுத்ததாகக் கண்ணில் படுவது வாசலை ஒட்டிய சுவர். சுவரின் நடுவே சாக்பீஸால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் 'ஒத்தை ஆள் வேலை' என்று எழுதியிருக்கும். வலப்பக்கம் 'ரெண்டு ஆள் வேலை'. இடப்பக்கம் இருப்பதை ஃபோர்மேன் தானே பார்த்துக்கொள்வார். வலப்பக்கம் இருப்பது மகன் வரும்போது செய்வதற்கு. ஆறு வருடமாக லாரி வேலை இந்தக் கோட்டை வைத்துத்தான் நடந்தது.

அவர் பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர். ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தார். வெளியே வந்த பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் ஃபோர்மேன்தான். பால் போடுகிறவருக்குக்கூட நிஜப் பெயர் தெரியாது. அவர் மனைவி மட்டும், "உங்க ஃபோர்மேன்தனத்த டெப்போ கேட்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்பார். ரிட்டயர் ஆனதும் இரண்டு பேருமாக ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பது என்று பேச்சு. அவர் ரிட்டயர் ஆக நாலு மாதம் இருக்கும்போது அந்த அம்மா முந்திக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். வந்தான், அழுதான், பதினைந்தாம் நாள் திரும்பிப் போனான். அதற்குமேல் அவன்தான் என்ன செய்வான்? அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளை, வேலை எல்லாம் இருக்கிறது.

ஏலத்துக்கு ஃபோர்மேன் போனது ஒரு ஜாக்கி வாங்க. திரும்பி வந்தது லாரியோடு. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிரே டயர்க்கடை வைத்திருக்கிறவருக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"ஃபோர்மேன், யானைய வாங்கிட்டு வந்திருக்கீங்க. தீனி யார் போடறது?"

"உன்கிட்டயா கேட்டேன்? வந்து தள்ளு."

எட்டுப் பேர் சேர்ந்து தள்ளித்தான் ஷெட்டுக்குள் விட்டார்கள். எஞ்சின் அப்போது இரும்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது.

ஏன் வாங்கினார் என்று கேட்டால் யாருக்கும் சொல்லமாட்டார். காரணம் ரொம்பச் சின்னது. மகனுக்கு ஆறு வயது இருக்கும். சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, பட்டாள லாரிகள் வரிசையாகப் போயின. மகன் எண்ணிக்கொண்டே வந்தான். இருபத்தேழாவது போனதும், "அப்பா, எனக்கு ஒண்ணு வேணும்" என்றான். "வாங்கிடலாம்" என்று சொல்லி வைத்தார். குழந்தை வாயை அடைக்க எல்லா அப்பாவும் சொல்கிறதுதான். ஏல மைதானத்தில் அந்த லாரியைப் பார்த்தபோது அந்த வார்த்தை ஞாபகம் வந்து, கை தானாகவே மேலே போய்விட்டது. அன்று மகனுக்கு போன் போட்டுச் சொன்னார்.

"என்னது, லாரியா? எதுக்குப்பா?" என்றான் மகன். அவனுக்கு ஞாபகம் இல்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

"சும்மா கெடக்கறதுக்கு எதாவது செய்யலாமேன்னுதான். நீ வரும்போது ரெண்டு பேருமா சேர்ந்து பண்ணலாம்."

"பண்ணலாம்பா" என்றான்.

சொன்னபடியே வந்தான். முதல் வருடம் ஒரு மாதம். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஒருவர் சங்கிலியை இழுக்க, ஒருவர் எஞ்சின் ஆடாமல் பிடிக்க. மகனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை, கையெல்லாம் பூ மாதிரி. மூன்றாம் நாளே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஆனாலும் மனிதன் வாயைத் திறக்கவில்லை. ஃபோர்மேனுக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியே, "ஸ்பானரப் புடிக்கற லட்சணத்தப் பாரு" என்று திட்டு. அடுத்த வருடம் மூன்று வாரம், கியர் பாக்ஸ். அதற்கடுத்து இரண்டு வாரம். கடைசியில் ஒரு வருடம் வரவே இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அவன் வராத அந்த வருடம்தான் ஃபோர்மேன் அந்தக் காரியத்தைச் செய்தார். இடப்பக்க வேலை அத்தனையும் முடிந்துகொண்டே வந்தது. வலப்பக்கத்தில் மூன்றோ நாலோதான் பாக்கி. ஒரு நாள் ஈரத் துணியை எடுத்து, இடப்பக்கம் இருந்த 'ரேடியேட்டர் மாட்டுவது' என்பதை அழித்து வலப்பக்கம் எழுதினார். ரேடியேட்டர் கனமானது, இரண்டு பேர் இருந்தால் நல்லதுதான் என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் 'சீட் உறை' வலப்பக்கம் போனது. அப்புறம் 'படுதா ஓட்டை தைப்பது'. அப்புறம் 'ஹாரன் ஒயர்'. நியாயம் சொல்லிக்கொள்வதையும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்.

டயர்க்கடைக்காரர் ஒரு நாள் டீயோடு வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஹாரன் ஒயர் மாட்ட எதுக்கு ரெண்டு பேரு? ஒருத்தர் மாட்ட, ஒருத்தர் கை தட்டவா?"

"டீய குடிச்சிட்டுக் கெளம்பு."

"சரி, பிரேக்குக்கு மட்டுமாவது நான் வந்து பெடல் அமுக்கறேன். அரை மணி நேர வேலை. அது முடிஞ்சா பெரிய பாரம் ஒண்ணு கொறையுமே."

"வேணாம். என் பையன் வருவான்."

டயர்க்கடைக்காரர் காலி டம்ளரோடு கிளம்பினார். வாயாடிதான், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

மகன் போன் செய்வது ஞாயிற்றுக்கிழமை காலையில். லாரி எப்படி இருக்கிறது என்பதில் ஆரம்பித்து லாரி எப்படி இருக்கிறது என்பதிலேயே பேச்சு முடியும். வேறு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த அம்மா இருந்தவரை போனை அவர்தான் வைத்திருப்பார்; இவர் பின்னாலிருந்து "நல்லா இருக்கானாமா?" என்று கேட்பதோடு சரி. ஒருமுறை அவன் கூப்பிட்டானே என்று அங்கே போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். காலையில் மூன்று பேரும் மூன்று பக்கம் கிளம்பிப் போய்விட, ஜன்னலோரம் நின்று, போகிற கார்களின் டயர் தேய்மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயாவது லாரி இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மகன் சொன்னான்.

"அப்பா, அடுத்த மாசம் வரேன். ஒன்பது நாள்."

"வா வா."

"அதுக்கப்புறம் ஒரு நாலு வருஷம் வர முடியாதுன்னு தோணுதுப்பா. கம்பெனியில புது இடத்துக்கு மாத்தறாங்க. ரொம்ப தூரம், லீவும் கெடைக்காது. அதனால இந்தத் தடவ லாரிய மொத்தமா முடிச்சிடலாம். எத்தனை நாள்தான் நீங்க தனியா மல்லுக்கட்டுவீங்க?"

"ஆகட்டும்" என்றார் ஃபோர்மேன்.

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். வலப்பக்கத்தை எண்ணினார். பதினாலு வேலை. ஒன்பது நாளுக்குத் தாராளமாக முடிந்துவிடும் என்று முப்பத்து நாலு வருட அனுபவம் சொன்னது. லாரியின் கால்படியில் உட்கார்ந்தார்.

விஷயம் இவ்வளவுதான். லாரி முடியாமல் இருக்கிற வரைக்கும் மகன் வருவதற்கு ஒரு வேலை இருக்கிறது. முடிந்துவிட்டால்? கிழவனின் முகத்தைப் பார்ப்பதற்காக மட்டும் ஒருவன் இத்தனை தூரம் வருவானா? வருவான் என்று நீங்களும் நானும் சொல்லலாம். ஒரே ஒரு தட்டில் சாப்பிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மறுநாள் அதையே நிமிர்த்துகிற மனிதரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நம்பமாட்டார்.

மகன் வந்தான். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. பெட்டியைத் திறந்து மருமகள் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை, பேத்தி வரைந்த லாரிப் படம் எல்லாம் கொடுத்தான். லாரிக்கு ஐந்து சக்கரம் போட்டிருந்தாள் பேத்தி. கடைசியாக ஒரு அட்டைப்பெட்டி.

"இது ஸ்பெஷல்பா. உங்களுக்காகவே தேடி வாங்கினேன்."

உள்ளே ஒரு ரப்பர் குழாய், நுனியில் சின்ன வால்வு, கூடவே ஒரு கண்ணாடிப் பாட்டில்.

"பிரேக்குல காத்து எடுக்கறதுக்கு. இந்த வால்வு காத்த வெளிய விடும், திரும்ப உள்ள இழுக்காது. பெடல் அமுக்க ஒருத்தர், கீழ ஒருத்தர்னு வேண்டியதில்ல. ஒத்த ஆளே பண்ணிடலாம்."

ஃபோர்மேன் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவர் கையைச் சுடுகிற மாதிரி இருந்தது அந்தப் பெட்டி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இந்த வண்டிக்கு ஒத்து வராது. இது பழைய மாடல் பாரு."

"எல்லா வண்டிக்கும் வரும்னு போட்டிருக்கேப்பா."

"போடுவான். விக்கறவன் வேற என்ன போடுவான்?"

பெட்டி அலமாரியில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. சொன்னது முழுப் பொய் என்று ஃபோர்மேனுக்குத் தெரியும். அந்த வால்வுகூட வேண்டாம். ஒரு குழாயும், பாதி ஆயில் ஊற்றிய பாட்டிலும் இருந்தால் போதும். குழாய் நுனி ஆயிலுக்குள் மூழ்கியிருந்தால் காற்று திரும்ப ஏறாது. டெப்போவில் ஆள் பற்றாத நாட்களில் அவரே நூறு பஸ்ஸுக்கு அப்படித் தன்னந்தனியாகச் செய்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் மறைத்தார்.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. ரேடியேட்டர் முதல் நாளே ஏறிவிட்டது. இரண்டாம் நாள் பின்கதவு. மகன் வேலையில் கெட்டிக்காரனாகியிருந்தான். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தான். ஃபோர்மேன் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். டீக்கு இரண்டு இடைவேளை விட்டார். ஏற்கனவே இறுக்கிய போல்ட்டை மறுபடி கழற்றி, வாஷர் சரியில்லை என்றார். என்ன செய்தும் சாயங்காலம் ஆனால் சுவரில் இரண்டு வரி அடிபட்டது.

மூன்றாம் நாள் மரப்பலகைகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. ஒரு பலகையின் அடிப்பக்கத்தில் ஆணியாலோ கத்தியாலோ கீறிய கோடுகள் இருந்தன. மகன் எண்ணினான். நாற்பத்தொன்று.

"என்னப்பா இது?"

"எவனோ சிப்பாய் கீறியிருக்கான். லீவுக்கு நாள் எண்ணியிருப்பான்."

"நாப்பத்தொண்ணோட நின்னுபோச்சு."

"லீவு கெடச்சிருக்கும்" என்றார் ஃபோர்மேன். "அத மட்டும் தேய்க்காத. அப்படியே விட்டுடு."

ஐந்தாம் நாள் மகன் சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, 'கண்ணாடி துடைப்பது'ன்னு போட்டிருக்கீங்க. கண்ணாடி துடைக்க எதுக்குப்பா ரெண்டு பேரு?"

ஃபோர்மேன் ஒரு துணியை எடுத்து உதறினார்.

"உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன் நிக்கணும். அப்பதான் அழுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும்."

மகன் சிரித்தான். "டெப்போ ரூலா?"

"ஆமா."

வண்டிக்குள்ளே அப்பாவும் வெளியே மகனும் நின்று ஒரே கண்ணாடியைத் துடைத்தார்கள். "இது உங்க பக்கம்பா." "இல்லடா, உன் பக்கம்." ஒரு கரும்புள்ளி யார் பக்கம் என்று பெரிய வழக்கே நடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஆறு வருடத்தில் அவன் முகத்தை அவ்வளவு நேரம் ஃபோர்மேன் பார்த்ததில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். மகன் அதற்குப் பிறகு சுவரின் இடப்பக்கத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து எதையோ பார்த்ததை அவர் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் பிரேக் ஒன்றுதான் பாக்கி. மறுநாள் மதியம் மகனுக்கு விமான நிலையத்துக்குப் பஸ்.

அந்த வேலை எப்படி என்றால், பிரேக் பெடலை அமுக்கினால் ஆயில் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். குழாயில் காற்று இருந்தால் பெடல் பொதுக்கென்று இறங்கிவிடும்; வண்டி நிற்காது. மேலே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறக்க, காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். பின்னால் ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு ஒரு பிரேக்தான்; ஆக, நாலு பிரேக்குக்கும் இப்படி. வெளியே போகிற ஆயிலுக்கு ஈடாக மேலே டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் காற்று மறுபடி உள்ளே புகுந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஃபோர்மேனுக்கு முட்டி மடங்காது. அதனால் மகன் லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தான். ஃபோர்மேன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் பலகையைத் தூக்கினால் ஆயில் டப்பா. பக்கத்து சீட்டில் ஊற்றுவதற்கு ஆயில் கேன்.

"அமுக்குங்க" என்றான் மகன் கீழேயிருந்து.

அமுக்கினார்.

"பிடிங்க."

பிடித்தார். கீழே சொளசொளவென்று சத்தம்.

"விடுங்கப்பா."

பின்னால் இரண்டு பக்கமும் முடிந்தது. முன்சக்கரம் ஒன்று முடிந்தது. பெடல் மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டே வந்தது காலில் தெரிந்தது. நாலாவது சக்கரத்தில் திடீரென்று பெடல் பொதுக்கென்று இறங்கியது.

"காத்து வருதுப்பா. நெறய வருது."

"அப்படியா? பழைய வண்டியில்ல, அப்படித்தான். முதல்லேருந்து வா."

மகன் முதலிலிருந்து வந்தான். மறுபடி நாலாவது சக்கரத்தில் காற்று. ஃபோர்மேன், "குழாயில எங்கயோ லீக் இருக்கும், பாரு" என்றார். அரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தான். லீக் இல்லை. மூன்றாம் தடவையும் நாலாவது சக்கரத்தில் குமிழ் குமிழாக வந்தது.

மகன் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். முழங்கை வரை ஆயில். கால்படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். டப்பா காய்ந்து கிடந்தது. சீட்டில் இருந்த கேனில் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் மட்டும் ஊற்றியது போக மீதி அப்படியே இருந்தது. அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா எதிரே ஷெட் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலுக்கு நேற்று வந்த ஹெல்பர்கூடச் செய்யாத தப்பு அது. மகன் இறங்கி, மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"அப்பா, ஆயில் ஊத்துங்க."

ஃபோர்மேன் கேனை எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊத்தினா முடிஞ்சிடும்டா" என்றார்.

எதிரே டயர்க்கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது.

"உங்கம்மா போனப்புறம், இந்த வீட்டுல ஒருத்தர் என்னைப் பாத்து பிடின்னோ விடுன்னோ சொல்றது நீ வந்தாதான். மத்த நாள் நானே எடுப்பேன், நானே வெப்பேன். இது முடிஞ்சா நீ எதுக்குடா வரப்போற?"

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. நல்லவேளை, முகம் பார்த்துப் பேசவில்லை. நடுவில் இரும்புத் தரை இருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது. மூக்கடைத்த குரல்.

"கண்ணாடி துடைக்கும்போதே தெரிஞ்சுபோச்சுப்பா. இடப்பக்கம் போய்ப் பாத்தேன். எழுத்த அழிச்சிட்டீங்க, ஈரத் துணியோட தடம் அப்படியே இருக்கு. பத்து எடத்துல. தெரியாம நான் வேற, ஒத்த ஆளா பண்ணிக்குங்கன்னு அந்தக் குழாய வாங்கிட்டு வந்தேன் பாருங்க. எனக்கெல்லாம் அறிவு இருக்கா?"

"நீ நல்லதுக்குத்தானே வாங்கின."

"நாலு வருஷம்னு சொன்னது நிஜம்பா. அத மாத்த முடியல. கேட்டுப் பாத்தேன்."

"தெரியும்டா."

"ஊத்துங்கப்பா. ஓடாத வண்டிய வெச்சுக்கிட்டு நீங்க உக்காந்திருக்கறத நான் அங்கேருந்து நெனச்சிட்டே இருக்க முடியாது."

ஃபோர்மேன் மூடியைத் திருகி ஊற்றினார். பிறகு அமுக்குங்க, பிடிங்க, விடுங்க என்று நாலு சக்கரத்துக்கும் வந்தான். கடைசியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. காலுக்கடியில் கல் மாதிரி நின்றது. சுவரில் பதினாலாவது வரியை மகனே அடித்தான்.

மறுநாள் லாரி ரோட்டில் ஏறியது. காகிதங்கள் எல்லாம் போன வருடமே வாங்கி வைத்திருந்தார். டயர்க்கடைக்காரர் தெருவில் நின்று சல்யூட் அடித்தார். ஆறு வருட உழைப்பின் முதல் பயணம் எங்கே தெரியுமா? மகனைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவதற்கு. தன் மகனை அனுப்பி வைக்கிற வண்டிக்குத் தானே பார்த்துப் பார்த்து நட்டு முடுக்கியிருக்கிறார் மனிதர்.

வழியில் மகன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வந்தான். சிக்னலில் நின்றபோது ஒரு சைக்கிளில் போன குழந்தை லாரியைப் பார்த்துக் கை ஆட்டியது. மகன் பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுச் சொன்னான்:

"சின்ன வயசுல நான் உங்ககிட்ட இதக் கேட்டேன் இல்லப்பா? இருபத்தேழு வண்டி போச்சு."

ஃபோர்மேன் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் இடம் நெருக்கடி. வெளியே போக ரிவர்ஸ் எடுத்தால்தான் முடியும். இத்தனை பெரிய லாரியில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. மகன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் ஓடினான். பின்கதவில் தட்டித் தட்டிக் குரல் கொடுத்தான்.

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... போதும்!"

முன்னால் வந்து கால்படியில் ஏறி, ஸ்டீயரிங் மேல் இருந்த அப்பா கையை ஒருதரம் பிடித்தான். பிறகு இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

ஃபோர்மேன் வீடு வந்து சேர்ந்தபோது தெருவில் ஆளே இல்லை. டயர்க்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். லாரியை ஷெட்டுக்குள் பின்பக்கமாகத்தான் விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் இடம். பின்னால் ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுத்த டிரைவர்களை டெப்போவில் அவர் விட்டதே இல்லை, மெமோ கொடுத்துவிடுவார். இன்று மெமோ கொடுக்கவும் ஆள் இல்லை. கொஞ்சம் பின்னால் எடுத்தார், நிறுத்தினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தார், திரும்ப வந்து ஏறினார். இன்னும் கொஞ்சம். மறுபடி இறங்கினார்.

சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து மகன் போன் செய்தான்.

"ஷெட்ல விட்டுட்டீங்களாப்பா?"

"விட்டுட்டேன்."

"பின்னாடி நின்னு யாரு பாத்தா?"

"நான்தான்."

"ஓட்டினது?"

"அதுவும் நான்தான்."

மகன் சிரிப்பான் என்று நினைத்தார். சிரிக்கவில்லை.

"எத்தனை தடவ இறங்கினீங்க?"

"பதினோரு தடவ."

அந்தப் பக்கம் ஏதோ அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"அத சுவத்துல எழுதி வைங்கப்பா. வலப்பக்கம்."

"நாலு வருஷம் ஆகும்டா."

"ஆகட்டும். அழிச்சிடாதீங்க."

ஃபோர்மேன் சாக்பீஸ் எடுத்து, அடித்துவிட்ட பதினாலு வரிக்குக் கீழே 'ஷெட்டில் ரிவர்ஸ் விடுவது' என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது, இனி மகன் வருகிறவரை லாரியை வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் திரும்ப உள்ளே விட ஆள் வேண்டும். டயர்க்கடைக்காரர் இருக்கிறாரே என்று நீங்கள் சொல்வீர்கள். அவரும் அதைத்தான் வந்து சொன்னார். ஃபோர்மேன் சுவரைக் காட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மகன் போன் வருவதற்கு முன்னால், லாரியில் ஏறி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுவார். பிறகு நிறுத்திவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறதா என்று பெடலை அமுக்கிப் பார்ப்பார். அமுக்கினால் அமுக்கியபடியே இருப்பார், கீழேயிருந்து யாரோ 'விடுங்கப்பா' என்று சொல்லட்டும் என்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் முட்டி வலிக்கும். தானே காலை எடுத்துக்கொள்வார்.